நூல் தள்ளாது: ஊவாத் தோட்டப் பிள்ளைகளும் இணைந்த கணிதமும்

மலையகக் கல்வி பற்றி எழுதப்படும் கட்டுரைகளிற் பெரும்பாலானவை பாடசாலைக் கட்டடங்களில் ஆரம்பித்து ஆசிரியர் வெற்றிடங்களில் முடிவடைகின்றன. வகுப்பறைக்குள் என்ன கற்பிக்கப்படுகின்றது, என்ன கற்பிக்கப்படாமற் போகின்றது என்ற கேள்விக்குள் அவை நுழைவது குறைவு. எனவே இம்முறை ஒரேயொரு பாட அலகை மாத்திரம் எடுத்துக்கொள்கின்றேன். க.பொ.த. உயர்தர வகுப்பில் கற்பிக்கப்படும் வட்ட இயக்கமும் அதனோடு ஒட்டிய சுழற்சி இயக்கமுமே அது. பதுளை மாவட்டத் தோட்டமொன்றிலிருந்து பொறியியற் பீடத்துக்குச் செல்ல விரும்பும் பிள்ளைக்கு இந்த ஓர் அலகு எவ்வாறு தடையாகின்றது என்பதைக் கவனித்தால், எமது கல்விப் பிரச்சினையின் உட்பக்கம் ஓரளவு தெளிவாகும். கணிதம் என்றதும் பக்கத்தை மூடிவிட வேண்டாமென்று வாசகர்களைக் கேட்டுக்கொள்கின்றேன். சொல்லப்போகும் கணக்கைப் புரிந்துகொள்ளக் கூட்டல், பெருக்கல் தெரிந்தாற் போதும்.

வெளிநாடுகளில் வாழும் வாசகர்களுக்காக ஒரு சிறு விளக்கம். இலங்கையில் உயர்தரக் கணிதப் பிரிவு மாணவர்கள் இணைந்த கணிதம், பௌதிகவியல், இரசாயனவியல் ஆகிய பாடங்களைக் கற்பது வழக்கம். இணைந்த கணிதத்துக்கு இரண்டு வினாத்தாள்கள். முதலாவது தூய கணிதம். இரண்டாவது பிரயோக கணிதம். ஒவ்வொன்றிலும் தலா 25 புள்ளிகள் கொண்ட 10 சிறு வினாக்களுக்குக் கட்டாயமாக விடையளிக்க வேண்டும். அதன்பின் தலா 150 புள்ளிகள் கொண்ட 7 பெரிய வினாக்களில் ஐந்தைத் தெரிவுசெய்யலாம். இந்த இரண்டாவது வினாத்தாளிலேயே நிலைக்குத்து வட்டத்தில் சுற்றும் துணிக்கை பற்றிய வினா இடம்பெறுகின்றது. திணிவுள்ள பொருளொன்று தன் அச்சைப் பற்றிச் சுழலும்போது வரும் சடத்துவத் திருப்பம், கோண உந்தம் முதலியவை பௌதிகவியற் பாடத்தில் வருகின்றன. இரண்டும் மாணவர்களை அச்சுறுத்தும் பகுதிகள் என்பதை எந்தக் கணித ஆசிரியரிடம் கேட்டாலும் சொல்வார்.

அச்சம் எங்கிருந்து பிறக்கின்றது என்பதை ஓர் உதாரணத்தின் மூலம் பார்ப்போம்.

ஒரு மீற்றர் நீளமான நூலின் ஒரு நுனியைச் சுவரில் அறைந்த ஆணியில் கட்டி, மறு நுனியில் ஒரு சிறு கல்லைத் தொங்கவிடுகின்றோம். கீழே தொங்கும் கல்லைக் கிடையாகத் தட்டிவிடுகின்றோம். கல் ஆணியைச் சுற்றி முழு வட்டம் போடுவதற்கு ஆகக் குறைந்தது எவ்வளவு வேகம் கொடுக்க வேண்டும்? ஈர்ப்பு ஆர்முடுகலைக் கணக்கின் வசதிக்காக 10 என எடுத்துக்கொள்வோம்.

பெரும்பாலான மாணவர்கள் உடனடியாகச் சக்திக் காப்பு விதியைப் பிரயோகிப்பார்கள். கீழிருந்து உச்சிக்குச் செல்லக் கல் 2 மீற்றர் ஏற வேண்டும். அதற்குத் தேவையான வேகத்தின் வர்க்கம் 40. ஆகவே செக்கனுக்கு 6.3 மீற்றருக்குச் சற்றுக் கூடிய வேகம் போதுமென எழுதுவார்கள். கணித்தல் பிழையற்றது, விடையோ பிழையானது. சரியான விடையில் வேகத்தின் வர்க்கம் 50 ஆக இருக்க வேண்டும். அதாவது செக்கனுக்கு ஏறத்தாழ 7.1 மீற்றர். நூலுக்குப் பதிலாக ஓர் இலேசான இரும்புக் கோல் இருந்திருந்தால் அந்த மாணவரின் 40 சரியாகியிருக்கும்.

இந்த 40க்கும் 50க்கும் இடையிலேயே முழுப் பாடமும் இருக்கின்றது. வேகத்தின் வர்க்கம் 45 ஆக இருக்கும்படி கல்லைத் தட்டிவிட்டதாக வைத்துக்கொள்வோம். சக்திக் கணக்கின்படி உச்சியில் அதன் வேகத்தின் வர்க்கம் 5. அந்த வேகத்தில் அந்த வட்டத்திற் செல்வதற்கு மையத்தை நோக்கித் தேவைப்படும் விசை, கல்லின் நிறையில் அரைப்பங்கு மாத்திரமே. ஆனால் கல்லின் நிறை முழுவதும் கீழ்நோக்கி, அதாவது மையத்தை நோக்கி, இழுத்துக்கொண்டிருக்கின்றது. மேலதிகமான அரைப்பங்கை எதுவோ ஒன்று மேல்நோக்கித் தாங்கினால்தான் கல் வட்டத்தில் நிற்கும். கோலாயின் தாங்கும். நூலுக்கு இழுக்க மாத்திரமே தெரியும், அது தள்ளாது. எனவே கல் உச்சியை அடைவதற்கு முன்னரே, ஆணி மட்டத்திலிருந்து 83 சென்ரிமீற்றர் உயரத்தில் நூல் தொய்ந்துவிடுகின்றது. அதன்பின் கல் எறியப்பட்ட பொருளைப் போல் வட்டத்தை விட்டு உள்ளே விழுகின்றது.

இதை அறிந்துகொள்ளச் சூத்திரம் எதுவும் தேவையில்லை. கல்லை வரைந்து, அதன்மீது தாக்கும் விசைகளை ஒவ்வொன்றாகக் குறித்து, “இந்த விசையைத் தருவது யார்? அவரால் எந்தத் திசையில் தர முடியும்?” என்று கேட்கும் பழக்கமே தேவை. சுழற்சி பற்றிய கடினமான வினாக்கள் அனைத்தும் ஏறக்குறைய இந்தக் கேள்வியிலேயே தங்கியுள்ளன. வழுக்கும் கோளத்தின் மேற்பரப்பிலிருந்து துணிக்கை எப்போது விலகும் என்று கேட்டால், கோளத்தால் வெளிப்புறமாகத் தள்ள மட்டுமே முடியும் என்பதிலிருந்து விடை வரும். நூலில் நிகழ்ந்ததன் மறுபக்கமே இது.

இந்தப் பழக்கத்தைப் புத்தகம் தருவதில்லை. 40 என்று எழுதிய மாணவரின் கொப்பியைப் பார்த்து, “சரி, உச்சியில் நூல் என்ன செய்கின்றது?” என்று கேட்க ஓர் ஆள் வேண்டும். அந்தக் கேள்வி கேட்கப்படாதவிடத்து, மாணவர் விடைத்தாளைப் பார்த்து 50 என்பதை மனனஞ் செய்துகொள்வார். அடுத்த ஆண்டு வினாத்தாளில் நூலுக்குப் பதில் கோல் வந்தாலோ, ஆணிக்குக் கீழே இன்னோர் ஆணி அறையப்பட்டிருந்தாலோ அந்த மனனம் உதவாது. தோட்டத்துப் பிள்ளைகள் கணிதத்திற் பின்தங்குவதற்கு அவர்களின் அறிவாற்றலைக் காரணமாகச் சொல்வோர் இன்றும் இருக்கின்றார்கள். அவர்களுக்கு நான் கூறும் பதில் இதுதான்: பிழையான விடையைப் படித்துப் பார்த்து அடுத்த கேள்வியைக் கேட்கும் ஆசிரியர் அந்தப் பிள்ளைக்குக் கிடைக்கவில்லை.

சுழற்சியைக் கற்பதற்கு ஊவாவை விடப் பொருத்தமான இடம் இலங்கையில் வேறு இருக்குமா என்று நான் யோசித்ததுண்டு. 1924ஆம் ஆண்டு பதுளையை வந்தடைந்த மலையகப் புகையிரதப் பாதை, தெமோதரையில் மலையைச் சுற்றி வளைந்து, தான் புறப்பட்ட நிலையத்தின் அடியிலேயே சுரங்கத்தின் வழியாகக் கடந்து செல்கின்றது. அதைப் பார்க்க உலகெங்குமிருந்து உல்லாசப் பயணிகள் வருகின்றார்கள். அருகிலுள்ள தோட்டத்துப் பிள்ளைகள் அதை நாள்தோறும் பார்க்கின்றார்கள். வளைவிலே வெளிப்புறத் தண்டவாளம் உட்புறத்தை விடச் சற்று உயர்த்தி அமைக்கப்படுவது ஏன்? வளைவின் ஆரை 100 மீற்றர் எனவும் வண்டியின் வேகம் மணிக்கு 20 கிலோமீற்றர் எனவும் வைத்துக்கொண்டால், இலங்கையின் 1.676 மீற்றர் அகலப் பாதைக்கு ஏறத்தாழ 5 சென்ரிமீற்றர் உயர்த்தினாற் போதும். சில்லின் விளிம்பு தண்டவாளத்தை நெருக்காமல் வண்டி திரும்பிவிடும். வேகத்தை இருமடங்காக்கினால் உயரம் நான்கு மடங்காகி 21 சென்ரிமீற்றரைத் தொடும். மலைநாட்டு வளைவுகளில் வண்டி ஏன் ஆமை வேகத்தில் ஊர்கின்றது என்பதற்கு அந்த நான்கு மடங்கில் விடை இருக்கின்றது.

தேயிலைத் தொழிற்சாலைக்குள் சென்றாலும் அப்படித்தான். வாட்டிய கொழுந்தை உருட்டும் ரோலர் இயந்திரம் வட்டப் பாதையில் அசைகின்றது. பழைய தொழிற்சாலைகளில் கப்பிகளையும் வார்ப்பட்டிகளையும் காணலாம். பெரிய கப்பியிலிருந்து சிறிய கப்பிக்கு வார் ஓடும்போது கோண வேகம் எப்படி மாறுகின்றது என்பதை அங்கே வேலை செய்யும் தகப்பன் கண்ணால் அறிந்திருக்கின்றார். பாடநூலில் அது வெறும் வட்டமும் அம்புக்குறியுமாக இருக்கின்றது. பௌதிகவியலில் வரும் உருளல் கணக்கும் இதே வகையைச் சேர்ந்ததுதான். லயத்துக்கு முன்னாலுள்ள சரிவில் ஓர் இரும்பு வளையத்தையும் ஒரு திண்மக் குண்டையும் ஒன்றாக உருளவிட்டால், எவ்வளவு பெரியதானாலும் எவ்வளவு பாரமானதானாலும், நழுவாமல் உருளும் வரை குண்டே முதலில் கீழே வரும். உராய்வின்றி வழுக்கும் பொருளின் ஆர்முடுகலில் வளையம் பாதியைப் பெறுகின்றது; குண்டு ஏழில் ஐந்து பங்கைப் பெறுகின்றது. வளையத்தின் திணிவு முழுவதும் அச்சிலிருந்து விலகி விளிம்பில் இருப்பதால், அதைச் சுழற்றுவதற்கே கூடுதலான சக்தி செலவாகிவிடுகின்றது. சடத்துவத் திருப்பம் என்ற கடினமான பெயருக்குப் பின்னால் உள்ள விடயம் இவ்வளவுதான். இரண்டு நிமிடங்களில் செய்துகாட்டக்கூடிய இந்தப் பரிசோதனைக்கு ஆய்வுகூடம் வேண்டியதில்லை. செய்துகாட்டவும், ஏன் என்று கேட்கவும் ஆசிரியர் ஒருவர் வேண்டும்.

அந்த ஆசிரியர் ஏன் இல்லை என்பதற்கு நீண்ட வரலாறு உண்டு. 1945இல் நடைமுறைக்கு வந்த இலவசக் கல்வியின் பயன் தோட்டப் பாடசாலைகளை உரிய காலத்தில் சென்றடையவில்லை. அவை தோட்ட நிருவாகங்களின் பொறுப்பில், பெரும்பாலும் ஆரம்ப வகுப்புகளோடு, பல இடங்களில் ஒரே ஆசிரியரோடு நடந்தன. 1970களில் அரசாங்கம் அவற்றைப் பொறுப்பேற்ற பின்னரே நிலைமை மாறத் தொடங்கியது. 1980களில் சுவீடன் நாட்டு உதவியும் பின்னர் ஜேர்மன் உதவியும் வந்தன. பத்தனையில் ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரி எழுந்தது. எழுத்தறிவு உயர்ந்தது, சாதாரண தரம் சித்தியெய்துவோர் பெருகினர். இவை சாதாரணமான சாதனைகளல்ல. ஆயினும் ஆரம்பப் பிரிவிலிருந்து மேலெழுந்த இந்த வளர்ச்சி உயர்தரக் கணிதப் பிரிவின் வாசலில் வந்து தேங்கி நிற்கின்றது.

இலங்கையில் உயர்தர விஞ்ஞான, கணிதப் பிரிவுகள் உள்ள பாடசாலைகளை 1ஏபி எனவும், கலை, வர்த்தகப் பிரிவுகள் மாத்திரம் உள்ளவற்றை 1சீ எனவும் வகைப்படுத்துவர். ஒரு தோட்டத்துப் பிள்ளையின் எதிர்காலம் பல சமயங்களில் இந்த எழுத்துகளிலேயே தீர்மானமாகின்றது. பதுளையிலும் பண்டாரவளையிலும் பசறையிலும் நீண்டகாலப் பெயர்பெற்ற தமிழ்ப் பாடசாலைகள் இருக்கின்றன. அவற்றின் ஆசிரியர்களும் பழைய மாணவர்களும் செய்துவரும் பணியைக் குறைத்து மதிப்பிடுவதற்கில்லை. ஆனால் மடுல்சீமை, லுணுகலை, நமுனுகுலை, ஹல்துமுல்லை ஆகிய பகுதிகளின் தோட்டமொன்றிலிருந்து நாள்தோறும் நகரத்துக்குப் பஸ்ஸில் சென்று வருவதென்றால், பாதி நாள் பாதையிலேயே கழிகின்றது. 2014 ஒக்ரோபரில் கொஸ்லாந்தை மீரியபெத்தைத் தோட்டத்தை மண்சரிவு மூடியதை மறந்திருக்க மாட்டோம். கடும் மழைக் காலத்தில் ஊவாவின் மலைப் பாதைகள் எந்த நேரமும் அடைபடலாம். எனவே பிள்ளை அருகிலுள்ள 1சீ பாடசாலையில் கலைப்பிரிவில் சேர்கின்றது. சாதாரண தரக் கணிதத்தில் திறமைச் சித்தி பெற்ற பிள்ளை, விருப்பத்தினாலன்றித் தூரத்தினால் கலைப்பிரிவுக்குப் போகின்றது. கலைக் கல்வியை நான் தாழ்வாகக் கருதுபவனல்லன். அது தெரிவாக இருக்க வேண்டும். வேறு வழியின்மையாக இருக்கக் கூடாது.

மாவட்ட ஒதுக்கீடு இருக்கின்றதே என்று சிலர் கேட்பர். பல்கலைக்கழக அனுமதியில் 40 சதவீதம் நாடளாவிய திறமையின் அடிப்படையிலும், 55 சதவீதம் மாவட்டச் சனத்தொகை அடிப்படையிலும், 5 சதவீதம் கல்வியிற் பின்தங்கிய மாவட்டங்களுக்கும் ஒதுக்கப்படுகின்றது. பதுளை அந்தப் பின்தங்கிய மாவட்டங்களில் ஒன்று. இந்த ஒதுக்கீடு அவசியமானதே. ஆனால் அது பரீட்சை எழுதி முடித்தவர்களுக்கிடையில் ஆசனங்களைப் பங்கிடும் ஏற்பாடு. பரீட்சைக்கே தோற்ற முடியாமற்போன பிள்ளையை அது கண்டுகொள்வதில்லை. மாவட்டம் முழுவதையும் ஒன்றாகக் கணக்கிடுவதால், நகரத்துப் பெரிய பாடசாலை மாணவரும் தோட்டத்து மாணவரும் அதே ஒதுக்கீட்டுக்குள்தான் போட்டியிடுகின்றனர். பதுளையில் 2005இல் ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகம் நிறுவப்பட்டது. அதன் மதிலிலிருந்து பார்த்தாலே தேயிலை மலைகள் தெரியும். அந்த மலைகளிலிருந்து அப்பல்கலைக்கழகத்தின் விஞ்ஞான, தொழில்நுட்பப் பட்டப்படிப்புகளுக்குச் செல்லும் வழியில்தான் நான் மேலே சொன்ன கல்லும் நூலும் நிற்கின்றன.

இன்னொரு வாதம் இணையத்தைப் பற்றியது. எல்லாப் பாடங்களும் காணொளியாகக் கைத்தொலைபேசியில் கிடைக்கும்போது ஆசிரியர் எதற்கு என்கின்றனர். காணொளிகள் பயனுள்ளவை, மறுக்கவில்லை. ஆனால் தமிழில் தேடும் மலையக மாணவர் முதலிற் சந்திப்பது சொற்குழப்பத்தை. நாம் திணிவு என்பதைத் தமிழகத்தில் நிறை என்கின்றனர். நாம் நிறை என்பது அங்கே எடை. நமது ஆர்முடுகல் அங்கே முடுக்கம்; நமது மையநாட்ட விசை அங்கே மையநோக்கு விசை. தமிழகப் பாடங்களைக் குறைசொல்ல இதைக் கூறவில்லை. அவை வேறொரு பாடத்திட்டத்துக்கு நேர்த்தியாகத் தயாரிக்கப்பட்டவை. ஆனால் திணிவுக்கும் நிறைக்கும் உள்ள வேறுபாட்டையே அப்போதுதான் கற்றுக்கொண்டிருக்கும் பதினேழு வயதுப் பிள்ளைக்கு, நிறை என்ற ஒரே சொல் இரு பொருளில் வந்தால் என்ன நேரும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. இலங்கை ஆசிரியர்களின் காணொளிகளும் இப்போது நிறைய இருக்கின்றன. ஆனால் எந்தக் காணொளியாலும் பிள்ளை எழுதிய 40ஐப் பார்க்க முடியாது.

தொழில்நுட்பப் பிரிவு தோட்டப் பிள்ளைகளுக்குப் போதும் என்ற மூன்றாவது வாதமும் உண்டு. 2013இல் உயர்தரத்தில் அறிமுகமான அப்பிரிவு நல்லதொரு முயற்சி. ஆனால் ஒரு சமூகத்துப் பிள்ளைகளுக்கு எது போதுமென்று வேறு எவரோ தீர்மானிக்கும் வழக்கம் தோட்டங்களில் ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் பழையது. அதைப் புதிய பெயரில் தொடர வேண்டுமா?

செய்ய வேண்டியவை எவையென்று என் அபிப்பிராயத்தைச் சொல்கின்றேன்.

முதலாவது, எல்லாப் பாடசாலைகளையும் ஒரே நேரத்தில் 1ஏபியாகத் தரமுயர்த்துவதாக அறிவிக்கும் அரசியலைக் கைவிட வேண்டும். பெயர்ப்பலகை மாறி ஆசிரியர் வராத பாடசாலை பிள்ளையை இரண்டு ஆண்டுகள் ஏமாற்றுகின்றது. அதற்குப் பதிலாக, தோட்டங்களிலிருந்து எட்டக்கூடிய நான்கைந்து தமிழ்ப் பாடசாலைகளைத் தெரிவுசெய்து, அவற்றில் இணைந்த கணிதம், பௌதிகவியல், இரசாயனவியல் ஆசிரியர்களை முழுமையாக நியமித்து, ஆண், பெண் இருபாலாருக்கும் விடுதி அமைக்க வேண்டும். பெண்பிள்ளைகளைப் பொறுத்தவரை, பாதுகாப்பான விடுதியே கணிதப் பிரிவைத் திறக்கும் திறவுகோல்.

இரண்டாவது, ஆசிரியர் தங்குவதற்கு வீடு. வடக்கிலிருந்தும் கிழக்கிலிருந்தும் வரும் பட்டதாரிகள் சில ஆண்டுகளில் இடமாற்றம் பெற்றுச் செல்வதாகக் குறைகூறுகின்றோம். பிரதேசத்தில் வாடகைக்கு அறைகூடக் கிடைக்காத இளைஞர் எவ்வளவு காலம் இருப்பார்? மலையகத்திலிருந்தே கணிதப் பட்டதாரிகள் உருவாகும்வரை, வருபவரைக் கண்ணியமாகத் தங்கவைப்பது மாகாண சபையின் கடமை.

மூன்றாவது, சாதாரண தரப் பரீட்சைக்கும் உயர்தர வகுப்புக்கும் இடையிலுள்ள மாதங்கள். நகரத்துப் பிள்ளைகள் அக்காலத்தில் தனியார் வகுப்புகளில் திரிகோண கணிதத்தையும் காவிகளையும் கற்று முடிக்கின்றனர். தோட்டத்துப் பிள்ளை வீட்டில் இருக்கின்றது. அந்த இடைவெளியில் ஓர் இலவசப் பாலப் பாடநெறி நடத்தப்படுமானால் முதல் தவணையிலேயே பின்தங்கும் நிலை குறையும்.

நான்காவது, புலம்பெயர்ந்த வாசகர்களுக்கானது. மொரட்டுவைப் பல்கலைக்கழகப் பொறியியற் பீடத் தமிழ் மாணவர்கள் நடத்திவரும் முன்னோடிப் பரீட்சை, மாணவர்களே மாணவர்களுக்கு எவ்வளவு செய்ய முடியும் என்பதற்குச் சான்று. அதே பாதையில் இன்னுமோர் அடி எடுத்துவைக்கலாம். இலண்டனிலோ தொரன்ரோவிலோ சிட்னியிலோ உள்ள ஒரு பொறியியலாளர் கணினிகளை அனுப்பிவைப்பதைக் காட்டிலும், வாரத்துக்கு ஐந்து விடைத்தாள்களைத் திருத்தித் தருவதாக ஒப்புக்கொள்வது மேலானது. பிள்ளை ஒரு வினாவைத் தாளில் செய்து, பாடசாலை ஊடாகப் படமெடுத்து அனுப்பட்டும். திருத்துபவர் சரியான விடையை எழுதி அனுப்பக் கூடாது. எந்தப் படியில் எந்த விசை விடுபட்டது என்பதைச் சுட்டி, ஒரு கேள்வியை எழுதி அனுப்ப வேண்டும். பிள்ளை மீண்டும் செய்யட்டும். வாரம் ஒரு வினா என்றாலும் இரண்டு ஆண்டுகளில் நூறு வினாக்கள். ஆயிரம் கடந்தகால வினாக்களின் விடைகளைப் பார்த்தெழுதிய மாணவரை விட, நூறு வினாக்களில் தன் பிழையைத் தானே கண்டுபிடித்த மாணவர் பரீட்சை மண்டபத்தில் நிதானமாக இருப்பார்.

இயக்கவியலில் தமிழருக்கு நல்ல மரபும் உண்டு. இலங்கைப் பல்கலைக்கழகத்தின் கணிதப் பேராசிரியராக விளங்கிய சி. ஜே. எலியேசர் கேம்பிரிட்ஜில் டிராக்கிடம் பயின்றவர். இயக்கவியலைத் தமிழிலேயே கற்பிக்கக் கலைச்சொற்களைத் திரட்டும் பணி 1950களிலும் 1960களிலும் அரச ஆதரவுடன் நடந்தது. சடத்துவத் திருப்பம் போன்ற சொற்கள் இன்று வகுப்பறையில் இயல்பாகப் புழங்குவது அந்தத் தலைமுறையின் உழைப்பினாலேயே. மொழியில் சொற்கள் இருக்கின்றன, பாடத்திட்டம் இருக்கின்றது, பிள்ளைகளும் இருக்கின்றார்கள்.

ஒவ்வோர் ஆண்டும் உயர்தரப் பெறுபேறுகள் வெளியாகும்போது மாவட்டத்தில் முதலிடம் பெற்ற மாணவரின் படம் பத்திரிகைகளில் வருகின்றது. அந்த மாணவரைப் பாராட்டுவோம். அதே நாளில் வேறொரு கணக்கையும் மாகாணக் கல்வித் திணைக்களம் வெளியிட வேண்டுமெனக் கேட்கின்றேன். பதுளை, மொனராகலை மாவட்டங்களின் தமிழ்மொழி மூலப் பாடசாலைகளில் சாதாரண தரக் கணிதத்தில் திறமைச் சித்தி பெற்றவர்கள் எத்தனை பேர், அவர்களில் உயர்தரக் கணிதப் பிரிவில் சேர்ந்தவர்கள் எத்தனை பேர், அவர்களுக்கு இணைந்த கணித ஆசிரியர்கள் எத்தனை பேர்? பாடசாலை வாரியாக இந்த மூன்று எண்களும் ஆண்டுதோறும் வெளிவந்தாற் போதும். முதலாவது எண்ணுக்கும் இரண்டாவது எண்ணுக்கும் இடையில் எத்தனை பிள்ளைகள் நிற்கின்றார்கள் என்பதைப் பெற்றோரும் தொழிற்சங்கங்களும் மாகாணத்தின் மக்கள் பிரதிநிதிகளும் அப்போது கண்ணால் காண்பார்கள்.